ஆப் பில்டரா, கோட் எடிட்டரா? ஒரு தையல் கடை ஆப்பை வைத்து முடிவெடுக்கும் வழி

"சொந்தமாக ஒரு ஆப் செய்யணும், எதில் செய்யலாம்?" என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில்: கோடிங் தெரியாதென்றால் ஆப் பில்டர், தெரியுமென்றால் ஏஐ கோட் எடிட்டர். இது பாதிதான் சரி. பல வருட அனுபவமுள்ள புரோகிராமர்களே பில்டரில் ஒரு மாலையில் மாதிரி செய்து வாடிக்கையாளரிடம் காட்டுகிறார்கள். ஒரு வரி கோடு எழுதாதவர்கள் கர்சர் என்ற ஏஐ கோட் எடிட்டரில் உட்கார்ந்து வேலையை முடித்துவிடுகிறார்கள். நான் கேட்பது வேறு மூன்று விஷயங்கள்: ஆப்பில் யாருடைய தகவல் இருக்கப்போகிறது, பணம் அதில் எங்கே வருகிறது, ஆறு மாதம் கழித்து மக்கர் செய்தால் யார் திறந்து பார்ப்பது.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் ஒன்றும் பிடிபடாது. அதனால் ஒரு தையல் கடையை எடுத்துக்கொள்வோம். முதலாளி, கட்டிங் மாஸ்டர், இரண்டு தையல்காரர்கள். அளவு நோட்டு, ரசீது புத்தகம், தீபாவளி நெருங்கினால் தலைகால் புரியாத கூட்டம். இந்தக் கடைக்கு ஆர்டர் கணக்கு பார்க்க ஒரு ஆப் வேண்டும்.

எது எந்தப் பக்கம்

ஆப் பில்டர் என்றால் லவபிள், போல்ட், வெர்செலின் வி-ஸீரோ, ரெப்ளிட், 2025 ஜூனில் விக்ஸ் நிறுவனம் வாங்கிய பேஸ்44 போன்றவை. பிரவுசரில் உட்கார்ந்து பேச்சு வழக்கில் கேட்டால் ஸ்கிரீன், லாகின், டேட்டாபேஸ், இணையத்தில் ஏற்றுவது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். கணினியில் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

ஏஐ கோட் எடிட்டர் என்றால் கர்சர், விண்ட்சர்ஃப், விஎஸ் கோடுக்குள் வரும் கிட்ஹப் கோபைலட், அப்புறம் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் திரையில், ஓடும் கிளாட் கோட். இங்கே ஃபைல்கள் உங்கள் கணினியில் இருக்கும். ஏஐ அவற்றைத் திறந்து படிக்கும், மாற்றும், மாற்றியதை வரி வரியாகக் காட்டும். ஹோஸ்டிங் (ஆப்பை இணையத்தில் ஏற்றி ஓடவிடுவது), டேட்டாபேஸ் எல்லாம் உங்கள் தலைவலி.

இரண்டுக்கும் நடுவில் எல்லை அழுத்தமாக இல்லை. ரெப்ளிட்டில் கோடையும் திறந்து திருத்தலாம். லவபிள் எழுதுவதும் வெப் ஆப்களுக்குப் பலரும் பயன்படுத்தும் சாதாரண ரியாக்ட் கோடுதான். கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்புக்கு அனுப்பி எடிட்டரில் திறந்துகொள்ளலாம். ஆகவே இது ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளும் விஷயம் இல்லை, கீழே சொல்லும் ஒன்றிரண்டு கதவுகளைத் திறந்தே வைத்திருந்தால்.

படி 1: கணினியைத் தொடாமல் ஒரு பக்கம் எழுதுங்கள்

பலரும் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். அளவு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். எங்கே சிக்கல் வரும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஒரே போன் நம்பரில் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என ஐந்து பேரின் அளவு இருக்கும். "ஒரு நம்பருக்கு ஒரு வாடிக்கையாளர்" என்று ஏஐ தானாக முடிவெடுத்துவிட்டால் மூத்த மகனின் அளவை இளையவனின் அளவு அழித்துவிடும். போன வருடம் தைத்த பிளவுஸின் அளவும் இந்த வருட அளவும் வேறு, பழையதும் வேண்டும். ஆகவே அளவு என்பது ஆளோடு மட்டுமில்லாமல் ஆர்டரோடும் சேர்ந்து நிற்க வேண்டும். அட்வான்ஸ் ஒரு தடவையில் வருவதில்லை. 200, 300 என்று இரண்டு மூன்று தவணையில் வரும். துணி எடுத்துப் போனபின் ஆல்டரேஷனுக்குத் திரும்பி வரும். அது புது ஆர்டரா, பழையதின் தொடர்ச்சியா? இந்தக் கேள்விக்கு முதலாளிதான் பதில் சொல்ல முடியும், எந்த ஏஐயாலும் முடியாது.

படி 2: எதுவுமே தேவையில்லையா என்று பாருங்கள்

முதலாளி ஒருவரே பார்க்கிறார், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து ஆர்டர்தான் என்றால் ஒரு கூகுள் ஷீட் போதும். ஃபார்ம், பட்டியல், ரிப்போர்ட் மட்டும் வேண்டும் என்றால் ஸோஹோ கிரியேட்டர், கூகுளின் ஆப்ஷீட் போன்ற பழைய பாணிக் கருவிகள் இருக்கின்றன. ஏஐ பில்டர்கள் வந்த பரபரப்பில் இவற்றை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இவற்றில் அழகு குறைவு. ஆனால் அனுமதி, பேக்கப் போன்றவை ஏற்கெனவே கட்டி முடித்தவை.

கட்டிங் மாஸ்டர் தனி லாகினில் அளவை மட்டும் பார்க்க வேண்டும், பணக் கணக்கு அவருக்குத் தெரியக் கூடாது, தமிழில் ரசீது அடிக்க வேண்டும், நாளைய டெலிவரிப் பட்டியல் காலையில் கைபேசியில் வர வேண்டும் என்று தேவைகள் கூடும்போதுதான் ஏஐ வழிக்கு வரலாம்.

படி 3: முதல் மாதிரியைப் பில்டரில் செய்யுங்கள்

எடிட்டரில் நல்ல பழக்கம் இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டலாம். மற்றவர்களுக்கு என் பரிந்துரை பில்டர்தான். காரணம் எளிது: ஸ்கிரீனைப் பார்த்த பிறகுதான் முதலாளிக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பதே தெரியவரும். அதற்கு முன் நேர்த்தியாகக் கோடு எழுதி என்ன பயன்?

கேட்கும் விதம் முக்கியம். "தையல் கடைக்கு முழு ஆப் செய்து கொடு" என்றால் ஏதோ ஒன்று வரும், பளபளப்பாகவும் இருக்கும், உங்கள் கடைக்குப் பொருந்தாது. இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

"தையல் கடை ஆர்டர் ஆப். இப்போது கோடு எழுதாதே, திட்டம் மட்டும் சொல். என்னென்ன டேபிள், ஒவ்வொன்றிலும் என்னென்ன விவரம் என்று பட்டியலிடு. ஒரே போன் நம்பரில் பல பேர் இருப்பார்கள். ஒரு ஆர்டருக்குப் பல தவணையில் பணம் வரும். அளவு மாறினாலும் பழைய அளவு அழியக் கூடாது. டெலிவரி தேதிக்கு நேரம் கிடையாது, தேதி மட்டும்தான். சந்தேகம் இருந்தால் என்னிடம் கேள்."

வரும் பட்டியலை நீங்கள் எழுதிய பக்கத்தோடு ஒப்பிடுங்கள். சரியானபின் ஸ்கிரீன்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம்; பெரும்பாலும் புரிந்துகொள்ளும்.

முதல் நாளே இரண்டு காரியம் செய்துவிடுங்கள். ஒன்று, ஆப்பை உங்கள் சொந்த கிட்ஹப் கணக்கோடு இணையுங்கள். இன்னொன்று, டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பெயரில் உள்ள சுபாபேஸ் (ஆன்லைன் டேட்டாபேஸ் சேவை) கணக்கில் இருந்தால் அது பரவலாகப் பயன்படும் சாதாரண போஸ்ட்கிரெஸ் வகை டேட்டாபேஸ். பில்டரை விட்டு வெளியேறினாலும் தரவு உங்களிடம் இருக்கும். பில்டரின் சொந்த இடத்தில் இருந்தால் கோடு கையில் வந்தாலும் தரவையும் லாகினையும் பெயர்த்தெடுப்பது தனி வேலை. வாடிக்கையாளர் விவரம் ஏறியபின் இதை யோசிப்பது தாமதம்.

படி 4: தேதி, தமிழ், நள்ளிரவு

மாதிரி தயாரானதும் அதை உடைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கருவி உங்களுக்கு ஒத்துவரும் என்பது இங்கேதான் தெரியவரும்.

டெலிவரி தேதி 18 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பட்டியலில் 17 என்று வருகிறதா? இந்தியாவில் ஏஐ செய்த ஆப்களில் அடிக்கடி தலைகாட்டும் பிழை இது. காலண்டரில் 18ஐ அழுத்தும்போது நிரல் அதை 18ஆம் தேதி நள்ளிரவு 12 மணி, இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. சேமிக்கும்போது அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றுகிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம்; ஆகவே அது 17ஆம் தேதி மாலை 6.30 ஆகிவிடும். பிறகு நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொள்கிறது: 17. டெலிவரியில் இது உடனே கண்ணில் படாது, ஒரு நாள் முன்னதாகத் தைத்து முடித்துவிடுவார்கள், அவ்வளவுதான். கல்லாக் கணக்கில் படும். "இன்று" என்பதையும் இதே முறையில் கணக்கிட்டால் இரவு 12 மணியிலிருந்து விடிகாலை 5.30 வரை ஆப்புக்கு அது நேற்று. தீபாவளிக்கு முந்தைய வாரம் கடை நள்ளிரவு தாண்டியும் ஓடும். ஒரு மணிக்கு வாங்கிய பணம் முந்தைய நாள் கணக்கில் விழும்.

பில்டரில் நீங்கள் "தேதி ஒரு நாள் பின்னால் போகிறது, சரி செய்" என்பீர்கள். அது அந்த ஸ்கிரீனில் மட்டும் ஒரு நாள் கூட்டிவிட்டு "சரிசெய்துவிட்டேன்" என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு. 18 சரியாக வரும். ரசீதில், மாத ரிப்போர்ட்டில் பழைய பிழை அப்படியே இருக்கும். எடிட்டரில் என்றால் தேதியை மாற்றும் அந்த ஒரே சொல்லை எல்லா ஃபைல்களிலும் தேடலாம். ஏழு இடத்தில் இருக்கிறது என்று கண்ணெதிரே பட்டியல் வரும். "எல்லாவற்றுக்கும் ஒரே ஃபங்ஷன் வை, டெலிவரி தேதியை நேரமில்லாத வெறும் தேதியாகச் சேமி" என்று சொல்லி ஒரேயடியாக முடிக்கலாம். இதே வாக்கியத்தைப் பில்டரிடமும் சொல்லலாம், கேட்கும். காரணம் தெரியாதபோது அதைத் தேடிக் கண்டுபிடிக்க எடிட்டரில் வசதி அதிகம், அதுதான் வித்தியாசம்.

அடுத்து, தமிழ் ரசீது. பிடிஎஃப் வேண்டும் என்றால் ஏஐ பெரும்பாலும் ஜேஎஸ்பிடிஎஃப் போன்ற ஒரு லைப்ரரியை, அதாவது யாரோ ஏற்கெனவே எழுதிவைத்த கோடுத் தொகுப்பை, கொண்டுவந்து வைக்கும். முதலில் தமிழுக்குப் பதில் குப்பை எழுத்து வரும். தமிழ் ஃபாண்ட் சேர்க்கச் சொன்னால் எழுத்து வரும். ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கும். "கெ" என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும், அது பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையை அந்த லைப்ரரி தமிழுக்குச் செய்வதில்லை. பத்து முறை திட்டினாலும் ஃபாண்டைத்தான் மாற்றிக்கொண்டிருக்கும். "பிடிஎஃப் லைப்ரரியே வேண்டாம், ரசீதைச் சாதாரண வெப் பக்கமாகச் செய்து பிரவுசரின் பிரின்ட் வசதியில் அச்சிடு" என்று சொல்லுங்கள். பிரவுசருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். சின்ன தெர்மல் பிரின்டர் என்றால் ரசீதைப் படமாக மாற்றி அனுப்பச் சொல்வது நிம்மதி.

இந்த இரண்டையும் பில்டரிலேயே தாண்டிவிட்டீர்கள் என்றால் இப்போதைக்கு எடிட்டர் தேவையில்லை.

படி 5: பூட்டு உண்மையில் பூட்டியிருக்கிறதா

தையல் கடையின் தரவு சாதாரணமானது என்று நினைக்க வேண்டாம். பெண்களின் பெயர், போன் நம்பர், உடல் அளவு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. வெளியே போனால் கடைப் பெயர் கெட்டுவிடும்.

சுபாபேஸில் ஒரு டேபிளின் எந்த வரியை யார் பார்க்கலாம் என்பதை டேட்டாபேஸே தீர்மானிக்க ஆர்எல்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது இல்லாமலோ தளர்வாகவோ இருந்தால், லாகின் ஸ்கிரீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. பிரவுசருக்கு வரும் பொதுச் சாவியை எடுத்து நேராக டேட்டாபேஸிடம் கேட்டால் எல்லாம் கொட்டிவிடும். இது கற்பனை இல்லை. 2025 மே மாதம் வெளியான ஒரு பாதுகாப்பு அறிக்கையில், லவபிளில் செய்த 1,645 ஆப்களைச் சோதித்ததில் 170 ஆப்களில் தரவு இப்படித் திறந்து கிடந்தது தெரியவந்தது. பில்டர்கள் பாதுகாப்புச் சோதனைப் பட்டன்களைச் சேர்த்திருக்கிறார்கள். அவை விதி இருக்கிறதா என்று பார்க்கும். உங்கள் கடைக்கு அந்த விதி பொருத்தமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சோதனை இப்படி. முதலாளி, கட்டிங் மாஸ்டர் என இரண்டு லாகின் வையுங்கள். மாஸ்டராக நுழைந்து எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து ஆர்டர் பட்டியலைப் பாருங்கள். ஸ்கிரீனில் பணம் தெரியாமல் இருக்கலாம். வந்திறங்கிய தகவலுக்குள் அட்வான்ஸ், பாக்கி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மறைத்தது ஸ்கிரீனில் மட்டும்தான். ஆர்எல்எஸ் வரியைத்தான் மறைக்கும். வரிக்குள் உள்ள ஒரு கட்டத்தை மறைக்காது. பணத்தைத் தனி டேபிளில் வைத்து, அந்த டேபிளுக்கு மாஸ்டருக்கு அனுமதி மறுப்பதே எளிய வழி.

சுபாபேஸில் சர்வீஸ் ரோல் சாவி என்று ஒன்று உண்டு. அது எந்த விதிக்கும் கட்டுப்படாது. அது பிரவுசர் பக்கம் போகும் கோடில் எங்கேயும் இருக்கக் கூடாது. சாட்டிலும் ஒட்டாதீர்கள். ஆன்லைன் பணம் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கடைக்கு மேசையில் ஒட்டிய யுபிஐ கியூஆரும், ஆப்பில் "வந்தது" என்று ஒரு பட்டனும் போதும். பேமென்ட் கேட்வேயை (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவையை) நீங்களே இணைக்க வேண்டியிருந்தால் அந்தப் பகுதியையாவது விவரம் தெரிந்த ஒருவர் எடிட்டரில் திறந்து படித்துப் பார்க்கட்டும்.

படி 6: செலவு எங்கே ஓடுகிறது

2025 விலையில் கோபைலட் புரோ மாதம் 10 டாலர், கர்சர் புரோ 20, லவபிள் புரோ 25. இந்த வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். செலவைக் கூட்டுவது சுற்றிச் சுற்றி வரும் திருத்தம்தான். ஒரே பிழையைச் "சரிசெய்துவிட்டேன்" என்று மூன்றாவது முறை சொல்கிறதா? நிறுத்துங்கள். நான்காவது முறை கேட்பதைவிட, கடைசியாக ஒழுங்காக ஓடிய பதிப்புக்குத் திரும்பிப் போய், பிழையை வேறு விதமாக விவரிப்பது மலிவு. அப்போதும் தீரவில்லை என்றால் எடிட்டருக்குப் போகும் வேளை வந்துவிட்டது. சந்தா விலைகளும் கணக்கு முறைகளும் அடிக்கடி மாறுகின்றன. வருடச் சந்தா கட்டாதீர்கள்.

படி 7: எடிட்டருக்கு மாறுவது

கிட்ஹப்பில் கோடு இருப்பதால் இது பயப்படும் அளவுக்கு இல்லை. கணினியில் கிட் (கோடின் பதிப்புகளைக் காக்கும் கருவி), நோட் (ஆப்பைக் கணினியில் ஓட்டத் தேவையான மென்பொருள்) இரண்டையும் இன்ஸ்டால் செய்து, எடிட்டரில் கிட்ஹப் முகவரியைக் கொடுத்து, "இதை என் கணினியில் ஓட வை, என்ன செய்கிறாய் என்று தமிழில் சொல்லிக்கொண்டே செய்" என்றால் போதும். மற்ற கட்டளைகளை அதுவே டெர்மினலில் கொடுத்துக்கொள்ளும். உங்கள் அனுமதியை மட்டும் கேட்கும்.

பிறகு புராஜெக்டில் ஒரு விதி ஃபைல் வைக்கச் சொல்லுங்கள். பல கருவிகளுக்குப் பொதுவாக இப்போது ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற பெயர் பழக்கத்தில் இருக்கிறது. அதில் உங்கள் வாயால் நாலு வரி: தேதிக்கு ஒரே ஃபங்ஷன், புது டேபிள் என்றால் ஆர்எல்எஸ் கட்டாயம், ரசீது பிரவுசர் பிரின்டில்தான், கேட்காமல் எந்த டேபிளையும் அழிக்காதே.

கோடு புரியாதவர் மாற்றங்களை எப்படிச் சரிபார்ப்பது? ஃபைல் பெயர்களைப் பாருங்கள். ரசீதில் கடை முகவரியை மாற்றச் சொன்னீர்கள். மாறிய பட்டியலில் லாகின் ஃபைல் ஏன் இருக்கிறது? கேளுங்கள். நியாயமான பதில் வராவிட்டால் அந்த மாற்றத்தைத் தள்ளிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதிச் சிக்கலை வாசலிலேயே நிறுத்திவிடும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் கமிட் செய்யச் சொல்லுங்கள், அதாவது அந்தப் பதிப்பைப் பதிந்துவைக்க. திரும்பிப் போக இடம் வேண்டும்.

கடையின் உண்மையான டேட்டாபேஸை மட்டும் ஏஐ கையில் கொடுக்காதீர்கள். 2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோர் ரெப்ளிட்டில் ஆப் கட்டிக்கொண்டிருந்தபோது, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் அதன் ஏஐ ஏஜென்ட் நேரடி டேட்டாபேஸை அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. ஆனால் மீட்க முடிந்தது. ரெப்ளிட்டின் தலைவர் அம்ஜத் மசாத் இது நடந்திருக்கவே கூடாது என்று பகிரங்கமாகச் சொல்லி, சோதனை டேட்டாபேஸையும் நேரடி டேட்டாபேஸையும் பிரிக்கும் வேலையை அறிவித்தார். "அழிக்காதே" என்று எழுதி வைப்பது நல்லதுதான். அழிக்க அனுமதியே இல்லாத சாவியைக் கொடுப்பது அதைவிட நல்லது. விளையாட ஒரு சோதனை டேட்டாபேஸ், அதில் பொய்ப் பெயர்களோடு இருபது ஆர்டர், அவ்வளவு போதும்.

கோடிங் தெரிந்தவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். எம்இடிஆர் என்ற ஏஐ ஆய்வு அமைப்பு 2025ல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள 16 புரோகிராமர்கள் தங்களுக்கு நன்கு பழக்கமான புராஜெக்டுகளில் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ உதவியோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதன்பின் கருவிகள் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் நேரம் மிச்சமாகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

யார் எங்கே

இந்தத் தையல் கடைக்கு என் முடிவு: பில்டரில் தொடங்கி, கிட்ஹப்பும் சுபாபேஸும் சொந்தப் பெயரில் வைத்து, ஒரு சீசன் ஓட்டிப் பார்ப்பது. இரண்டாவது கிளை திறந்தாலோ, பார்கோடு பிரின்டர் போன்ற சாதனம் சேர்ந்தாலோ எடிட்டர்.

ஏற்கெனவே ஓடும் கோடு கையில் இருக்கிறது, அதில் சேர்க்க வேண்டும் என்றால் பில்டர் பக்கமே போக வேண்டாம். பிளே ஸ்டோரில் போடும் ஆப், இணையம் இல்லாமலும் ஓட வேண்டிய ஆப், பலரின் பணத்தை வைத்துக் கணக்குப் பார்க்கும் ஆப் இவற்றுக்கும் எடிட்டர்தான், கூடவே கோடு படிக்கத் தெரிந்த ஒருவர். கல்யாண அழைப்பிதழ்ப் பக்கம், கல்லூரி விழாப் பதிவு, முதலீட்டாளரிடம் காட்டும் மாதிரி என்றால் பில்டரிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடலாம்.

ஒப்படைக்கும் முன்

நீங்கள் வேறு ஒருவருக்குச் செய்து கொடுப்பவர் என்றால் டொமைன், கிட்ஹப், சுபாபேஸ், பில்டர் சந்தா நான்கும் கடை முதலாளியின் மின்னஞ்சலில் இருக்கட்டும். உங்களுக்கு அனுமதி மட்டும் போதும். சுபாபேஸின் இலவசத் திட்டத்தில் தானியங்கி பேக்கப் கிடையாது, ஒரு வாரம் யாரும் பயன்படுத்தாவிட்டால் புராஜெக்டை நிறுத்தியும் வைத்துவிடுவார்கள். தீபாவளி முடிந்து கடையைப் பத்து நாள் பூட்டிவிட்டு வந்து திறந்தால் ஆப் திறக்காது. சுபாபேஸ் டாஷ்போர்டில் போய் மறுபடி ஓடவிட வேண்டும். அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று முதலாளிக்குக் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மாதம் 25 டாலர் திட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை எல்லா டேபிளையும் எக்ஸெலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி ஃபைலாக இறக்கிக்கொள்ள ஆப்பிலேயே ஒரு பட்டன் வைத்துக் கொடுங்கள். முதல் சீசன் முடியும்வரை அளவு நோட்டிலும் எழுதிக்கொண்டே வரச் சொல்லுங்கள்.